குடலிறக்கத்துக்கு மெஷ் வைக்கலாமா? திரும்ப வருமா, வலி தங்கிவிடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அப்பாவுக்கு 62 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார், அரிசி மூட்டை தூக்கி இறக்கும் வேலை. இரண்டு வருடமாக வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது, எழுந்து நடந்தால் வெளியே வருகிறது. இப்போது சாயங்காலமானால் இழுத்துப் பிடிப்பதுபோல் வலிக்கிறது. இது குடலிறக்கம், மெஷ் (பிளாஸ்டிக் இழையால் பின்னிய வலை) வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். இணையத்தில் தேடினால், மெஷ் வைத்துக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் வலியோடு அவதிப்படுவதாகவும் வழக்குப் போட்டிருப்பதாகவும் செய்திகள். மெஷ் இல்லாமல் செய்ய முடியாதா, செய்யாமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பொது அறுவை சிகிச்சை மருத்துவன். குடலிறக்கம் எங்களுக்கு அன்றாட வேலை. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: உங்கள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்வது நல்லது, மெஷ் வைத்தே செய்யலாம். குடலிறக்கம் திரும்ப வராமல் தடுப்பதில் மெஷ் உதவுகிறது என்பதில் இன்றைக்குப் பெரிய விவாதம் கிடையாது. ஆனால் வலியைப் பற்றிய உங்கள் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அது உண்மையான பிரச்சினை, எங்கள் துறை அதை வெகுகாலம் சரியாகக் கேட்டுப் பதிவு செய்யாமல் விட்ட பிரச்சினை. அந்த வலியில் மெஷ்ஷுக்கு இருக்கும் பங்கைவிட, யாருக்கு அறுவை செய்கிறோம், நரம்புகளை எப்படிக் கையாளுகிறோம் என்பதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. அதனால் மெஷ் வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவரிடம் மல்லுக்கட்டுவதைவிட வேறு சில கேள்விகளைக் கேட்பது அப்பாவுக்கு அதிகப் பயன் தரும். அந்தக் கேள்விகள் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரை வயிற்றுக்குள் உருவாகி, பிறகு தொடை இடுக்கு வழியாக விரைப்பைக்குள் இறங்குகிறது. அது இறங்கிய பாதை வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனமான இடமாக ஆயுள் முழுக்க இருந்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாக வயிற்றுக்குள் இருப்பது பிதுங்கி வெளியே வருவதுதான் குடலிறக்கம். ஆண்களில் நான்கு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இங்கே குடலிறக்கம் வருகிறது, பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு. உலகம் முழுக்க ஒரு வருடத்தில் 2 கோடிக்கும் அதிகமான தொடை இடுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. இவ்வளவு அதிகம் நடக்கிற ஒன்றில், நூற்றுக்கு ஒருவருக்கு வரும் தொந்தரவுகூட லட்சக்கணக்கான மனிதர்களின் தொந்தரவு. அதனால்தான் இதைச் 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்வதை நான் விரும்புவதில்லை.

1880களில் இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பாசினி என்ற மருத்துவர், ஓட்டையைச் சுற்றியுள்ள தசையையும் தசைநாரையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் உலகம் அதையோ அதன் திருத்திய வடிவங்களையோதான் செய்தது. அதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. குடலிறக்கம் வரும் பலருக்கு அந்த இடத்துத் திசுவே நைந்திருக்கும். அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்பொருளின் தரமே குறைவு. நைந்த வேட்டியின் கிழிசலை இழுத்துத் தைத்தால் தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு கிழிசல் விழும் அல்லவா, அதேதான் இங்கும் நடந்தது. இழுத்துத் தைத்த தையல், இருமும்போதும் முக்கும்போதும் மெல்ல மெல்லத் திசுவை அறுத்துக்கொண்டு வந்தது.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் என்ற மருத்துவர் பிளாஸ்டிக் இழையால் பின்னிய வலையைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் அது எல்லோருக்குமான வழக்கமாக மாறியது 1980களில், லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் மூலமாக. ஓட்டையை இழுத்துத் தைக்கவே வேண்டாம், அதன்மேல் வலையைத் தளர்வாகப் போர்த்தி ஓரங்களில் மட்டும் தைத்தால் போதும் என்றார் அவர். 1,000 பேருக்கு இப்படிச் செய்து, ஒன்று முதல் ஐந்து வருடம் கவனித்ததில் ஒருவருக்கும் திரும்ப வரவில்லை என்று 1989இல் அவர் குழு எழுதியது. வலை அங்கே வெறுமனே அடைப்பாக உட்காருவதில்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற அந்தப் பிளாஸ்டிக் இழையை உடல் அந்நியப் பொருளாகக் கண்டுகொள்கிறது. வலையின் கண்கள் வழியாகப் புதிய நார்த்திசு வளர்ந்து பின்னிக்கொள்கிறது. சில வாரங்களில் வலையும் வடுவும் சேர்ந்து ஒரே தகடாகிவிடும். பலம் அந்தத் தகடுக்குத்தான். பிற்காலத்தில் சிலருக்கு வரும் உறுத்தலும் விறைப்பும்கூட அதே தகட்டிலிருந்துதான் வருகின்றன.

இப்போது எண்களுக்கு வருவோம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூட்டாக 58 சோதனைகளை, சுமார் 11,000 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்து 2002இல் வெளியிட்டார்கள். மெஷ் வைத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும், வைக்காதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 25 சோதனைகளை மறுபடி அலசியது. அதிலும் கிட்டத்தட்ட இதே விடை: திரும்ப வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போகிறது. அவர்கள் அதை இன்னொரு விதமாகவும் சொன்னார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. 46 பேருக்கு மெஷ் வைத்தால் ஒருவருக்குத் திரும்ப வருவது தடுக்கப்படுகிறது. மீதி 45 பேரில் பெரும்பாலோருக்கு எந்த முறையில் செய்திருந்தாலும் திரும்ப வந்திருக்காது. மெஷ் வைத்ததில் காயத்தில் சீழ் பிடிப்பதும் நீர் கோத்துக்கொள்வதும் சற்றுக் கூடுதல். நரம்பு, ரத்தக்குழாய், உள்ளுறுப்புக் காயங்களும் சிறுநீர் கட்டிக்கொள்வதும் குறைவு.

மெஷ் இல்லாமல் செய்ய முடியாதா என்றால், முடியும். கனடாவில் டொராண்டோ அருகே இருக்கும் ஷோல்டைஸ் மருத்துவமனை 1945 முதல் குடலிறக்கத்தை மட்டுமே செய்கிறது, பெரும்பாலும் மெஷ் இல்லாமல், நான்கு அடுக்காகத் தைத்து. ஒன்டாரியோ மாகாணத்தில் 1993 முதல் 2007 வரை அறுவை செய்துகொண்ட 2,35,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மற்ற மருத்துவமனைகளில் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் திரும்ப வந்திருந்தது; ஷோல்டைஸில் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். எங்களைப் போன்றவர்களை யோசிக்க வைக்கும் கணக்கு இது. அங்கே நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, அதிக எடை உள்ளவர்களை எடை குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே வேலையைத் தினமும் திரும்பத் திரும்பச் செய்கிற கை என்ன சாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நம் பக்கத்தில் புனேயின் டாக்டர் தேசர்தா, வெளிப்புறத் தசைநாரிலேயே ஒரு பட்டையைப் பிரித்து ஓட்டையின் மேல் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்த முறைகளில் நன்றாகக் கை தேர்ந்தவர் உங்கள் ஊரில் கிடைப்பது அரிது. எப்போதாவது ஒருமுறை மெஷ் இல்லாமல் தைத்துப் பார்க்கும் மருத்துவரிடம், இணையத்தில் படித்ததை வைத்து, எங்களுக்கு மெஷ் வேண்டாம் என்று கட்டாயப்படுத்திச் செய்துகொள்வது நல்ல யோசனை இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் மெஷ் தேவையே இல்லை, குடல் இறங்கி வரும் பையைக் கட்டிவிட்டால் போதும்.

சரி, வலிக்கு வருவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று கேள்வியிலேயே தெரிகிறது.

எங்கள் துறை பல காலம் வெற்றி தோல்வியை ஒரே அளவுகோலில்தான் அளந்தது: திரும்ப வந்ததா, வரவில்லையா. அதை எண்ணுவது சுலபம். சுவீடன் 1992இலும் டென்மார்க் 1998இலும் நாடு தழுவிய பதிவேடுகள் தொடங்கின, மறு அறுவை சிகிச்சைகள் எல்லாம் அதில் ஏறிவிடும். ஆனால் வலியோடு வீட்டில் இருப்பவர் எந்தப் பதிவேட்டிலும் ஏற மாட்டார், யாராவது போய்க் கேட்டால்தான் உண்டு. டென்மார்க்கில் போய்க் கேட்டார்கள். அறுவை முடிந்து ஒரு வருடம் ஆனவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கடந்த ஒரு மாதத்தில் அந்த இடத்தில் வலி இருந்தது என்றவர்கள் நூற்றுக்கு 29 பேர். வேலைக்கோ ஓய்வுநேரச் செயல்களுக்கோ இடைஞ்சலாக வலி இருந்தது என்றவர்கள் நூற்றுக்கு 11 பேர். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அதுவரை யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு விவரம் இருந்தது. எந்த முறையில் அறுவை செய்தார்கள் என்பதைப் பொறுத்து வலியின் அளவு மாறவில்லை. நான் மேலே சொன்ன 2002ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ, நீடித்த வலி மெஷ் வைத்தவர்களிடம் குறைவாகவே இருந்தது. அதாவது மெஷ் வருவதற்கு முன்பும் இந்த வலி இருந்தது; அதைக் கேட்க ஆள் இல்லை, எழுத இடம் இல்லை. 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், பொருட்படுத்த வேண்டிய வலி நூற்றுக்கு 10 முதல் 12 பேருக்கு வருகிறது என்கின்றன. காலப்போக்கில் அது குறைந்துகொண்டே போகும். அன்றாட வாழ்க்கையையும் வேலையையும் முடக்கிப்போடும் அளவு வலி என்பது, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், நூற்றுக்கு அரை முதல் 6 பேர் வரை. உங்கள் அப்பாவிடம் அறுவைக்கு முன் இந்த எண்ணைச் சொல்லித்தான் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வலி எங்கிருந்து வருகிறது? திறந்து செய்யும் அறுவையில், தொடை இடுக்கில் சாய்வாகக் கீறி, வெளித் தசைநாரைத் திறந்ததும் விரைத்தண்டு (விரைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் சேர்ந்த கயிறு) தெரியும். அதன்மேல் வெள்ளைத் தையல் நூல் மாதிரி ஒரு நரம்பு ஒட்டிக்கொண்டு போகும். அதற்குச் சற்று மேலே, உள்தசையின் மீது இன்னொன்று. மூன்றாவது நரம்பு தண்டின் அடிப்பக்கம், ஒரு மெல்லிய நீல நிற ரத்தக்குழாயை ஒட்டிப் போகும். அந்த நீலக் கோட்டைத் தேடினால் நரம்பு கிடைக்கும். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டு, அவற்றின் மேலுறையைக் கலைக்காமல் அப்படியே விட வேண்டும். அப்புறம் வலையின் ஒரு முனையைப் பிளந்து இரண்டு வால்களாக்கித் தண்டைச் சுற்றிக் குறுக்காகப் போட்டு, கீழ் ஓரத்தை இடுக்குத் தசைநாரோடு தைத்து, இடுப்பெலும்பின் முனையைத் தாண்டி ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் வலை படியும்படி வைக்க வேண்டும். அந்த எலும்பின் மேலுறையில் ஊசி ஏறினால் வலி நிச்சயம். அவசரத்தில் ஒரு தையல் நரம்பைச் சேர்த்துப் பிடித்துவிட்டால், அல்லது பாதி உரிந்த நரம்பு வலையோடு ஒட்டி வடுவுக்குள் மாட்டிக்கொண்டால், அது வருடக்கணக்கில் பேசும். நரம்பு சேதப்பட்டுவிட்டது என்றோ, வலையில் உரசும் இடத்தில் இருக்கிறது என்றோ தெரிந்தால், அதை முறையாக வெட்டி முனையைத் தசைக்குள் புதைத்துவிடுவதே மேல். தோலில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான்.

கைத்தறி நெசவாளர் ஒருவர் வேறோர் இடத்தில் அறுவை செய்துகொண்டு என்னிடம் வந்தார். நடக்கும்போது வலி இல்லை, படுத்தால் வலி இல்லை. குழித்தறியில் உட்கார்ந்து வலது காலால் மிதியை அழுத்தும்போது மட்டும் தொடையின் உள்பக்கம் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்றார். வடுவின் உள்முனையில் ஒரு விரல் அகல இடத்தைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். ஸ்கேனில் குடலிறக்கம் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. பதிவேட்டுக் கணக்கில் அவர் வெற்றிகரமான நோயாளி. அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டதும் வலி அப்படியே நின்றது, நரம்புதான் காரணம் என்று தெரிந்தது. சில முறை ஊசி, சில மாதம் நரம்பு வலிக்கான மாத்திரை, அதில் அவர் தறிக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார். எல்லோரும் அப்படித் தேறுவதில்லை.

யாருக்கு இந்த வலி அதிகம் வரும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். இளம் வயதினர், பெண்கள், ஏற்கெனவே அந்த இடத்தில் ஒருமுறை அறுவை ஆனவர்கள், அறுவைக்கு முன்பே கடும் வலியோடு இருப்பவர்கள், அறுவை முடிந்த முதல் சில நாளில் மிக அதிக வலி இருந்தவர்கள். இதில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் தட்டுப்படும் வீக்கமே இல்லாமல், தொடை இடுக்கில் வலி மட்டும் இருந்து, ஸ்கேனில் சின்னதாகக் குடலிறக்கம் இருக்கிறது என்று எழுதிவந்த காகிதத்தை மட்டும் நம்பி அறுவை செய்துகொள்ளாதீர்கள். அந்த வலி இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகெலும்பிலிருந்தோ தொடைத் தசையின் பிடிப்பிலிருந்தோ வரலாம். அறுவைக்குப் பிறகும் பழைய வலி அப்படியே இருக்கும், கூடவே புதியதும் சேரும். உங்கள் அப்பாவுக்கு அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியும் வீக்கம், படுத்தால் உள்ளே போகிறது, சாயங்காலம் இழுக்கிறது, வயதும் அறுபதுக்கு மேல். இப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் நிலைமை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இருந்த இழுப்பு வலி போய்விடும்.

லேப்ராஸ்கோப்பியா, திறந்து செய்வதா என்பது அடுத்த குழப்பம். லேப்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. அதில் வலையை வயிற்றுச் சுவரின் உள்பக்கம் வைக்கிறோம், குறைந்தது 15க்கு 10 சென்டிமீட்டர் அளவில். முன்பக்க நரம்புகளைத் தொடவே மாட்டோம் என்பதால் நீடித்த வலி சற்றுக் குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சீக்கிரம். இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தால் அதே துளைகள் வழியாக இரண்டையும் முடித்துவிடலாம். ஒருமுறை திறந்து செய்து திரும்ப வந்தவர்களுக்கும் இதுவே நல்ல வழி. ஆனால் முழு மயக்கம் தேவை, மிக அரிதாகவென்றாலும் குடலிலோ பெரிய ரத்தக்குழாயிலோ காயம் படும் அபாயம் உண்டு, கற்றுத் தேற வெகுகாலம் ஆகும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2004இல் வந்தது. இரண்டு வருடத்தில் லேப்ராஸ்கோப்பியில் நூற்றுக்கு 10 பேருக்கும், திறந்து செய்ததில் 5 பேருக்கும் திரும்ப வந்திருந்தது. லேப்ராஸ்கோப்பி மோசம் என்று அதைப் படித்துவிடக் கூடாது. அதற்கு முன்பே 250க்கு மேல் செய்து பழகிய மருத்துவர்களிடம் அந்தப் பத்து, சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. ஆக, உங்கள் மருத்துவர் எதை நன்றாகச் செய்வாரோ அதையே செய்துகொள்ளுங்கள். திறந்து செய்வதை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம். இதய நோய் உள்ள முதியவர்களுக்கு அது பெரிய வரம். நம் ஊரில் முதுகில் ஊசி போட்டுச் செய்வதுதான் வழக்கம், அதில் தவறில்லை, சிறுநீர் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடும்.

நீங்கள் பார்த்த வழக்குச் செய்திகளில் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. 2018இல் இங்கிலாந்தில் மெஷ் நிறுத்தப்பட்டது என்று வந்தது, பெண்களின் சிறுநீர்க் கசிவுக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் மெஷ் பற்றியது. 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது, பெண்களின் இடுப்புக்குழி உறுப்புகள் கீழே இறங்குவதற்கு அதே வழியாக வைக்கும் மெஷ்ஷை. அந்தப் பெண்கள் பட்ட துன்பம் உண்மை, ஆனால் அது வேறு இடம், வேறு அறுவை. குடலிறக்க மெஷ் வழக்குகளும் அமெரிக்காவில் பல்லாயிரக்கணக்கில் நடந்திருக்கின்றன. அவற்றில் பல, வயிற்றின் முன்சுவர்க் குடலிறக்கத்துக்கு வயிற்றுக்குள் வைக்கும் பூச்சுப் பூசிய வகைகளைப் பற்றியவை. தொடை இடுக்குக்கு வைக்கும் வகைகளில் நான் தவிர்க்கச் சொல்வது பந்துபோல் சுருட்டி ஓட்டைக்குள் திணிக்கும் பிளக் வகையை. அது சுருங்கிக் கட்டிபோலாகலாம், பக்கத்து உறுப்பை அரிக்கலாம். சாதாரணத் தட்டை மெஷ் போதும் என்றுதான் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

விலை உயர்ந்த மெஷ் நல்ல மெஷ் என்று நினைக்காதீர்கள். இதில் நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகாராஷ்டிராவின் தொண்டாய்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்ங்கர், நோயாளிகளால் கம்பெனி மெஷ் வாங்க முடியாததைப் பார்த்து, கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கி வைக்க ஆரம்பித்தார். 2003இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் சுவீடன் ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். சுமார் 300 ஆண்களில் பாதிப் பேருக்குக் கொசுவலை, பாதிப் பேருக்குக் கம்பெனி மெஷ். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கொசுவலைக் குழுவில் ஒரே ஒருவருக்குத் திரும்ப வந்திருந்தது, மற்றதில் யாருக்கும் இல்லை. கொசுவலையின் விலை சுமார் ஒரு டாலர், மற்றதற்கு 125 டாலர். 2016இல் இது வெளியானது. முறையாகக் கிருமி நீக்கிய, சரியான வகை வலையைத்தான் அவர்கள் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய மெஷ், கனமான மெஷ் என்ற விற்பனைப் பேச்சிலும் அதிகம் மயங்க வேண்டாம். மெல்லியது உறுத்தலைக் கொஞ்சம் குறைக்கலாம், கடுமையான வலியைக் குறைப்பதாகத் தெளிவான சான்று இல்லை. அரசு மருத்துவமனையில் வைக்கும் சாதாரண பாலிப்ரொப்பிலீன் மெஷ் உங்கள் அப்பாவுக்குப் போதும்.

செய்யாமலே விட்டால்? 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள், 2006இல் முடிவு வந்தது. தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைவான தொந்தரவு உள்ளவர்களைக் காத்திருக்க வைத்ததில், குடல் சிக்கி அவசரமாக ஓடிவரும் நிலை ஆயிரம் பேருக்கு வருடத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்தது. எனவே காத்திருப்பது ஆபத்தில்லை. ஆனால் பத்து வருடத்தில் அவர்களில் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமல் அறுவைக்கே வந்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு வலி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, மூட்டை தூக்கும் வேலை வேறு. காத்திருந்து கிடைக்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. அவசரமும் இல்லை, தீபாவளி வியாபாரம் முடிந்து செய்துகொள்கிறேன் என்றால் சரி என்பேன். பெல்ட் கட்டிக்கொண்டு சமாளிப்பது, தைலம் தடவுவது, ஆசனம் செய்வது இவற்றால் ஓட்டை மூடாது. வீக்கம் திடீரென்று கல்போல் இறுகி, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால், அமுக்கித் தள்ளிப் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. காத்திருக்கலாம் என்ற அந்த ஆய்வு ஆண்களுக்கானது. பெண்களுக்குத் தொடைப் பக்கக் குடலிறக்கம் (இடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேல்பக்கம் வருவது) ஆண்களைவிட அதிகம். அது சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். ஒரு பழைய ஆய்வில் 21 மாதத்துக்குள் நூற்றுக்கு 45 பேருக்குச் சிக்கியது. தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள், வசதி இருந்தால் லேப்ராஸ்கோப்பியில்.

அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ விரைப்பையும் ஆண்குறியும் கருநீலமாகலாம். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் அது, இரண்டு வாரத்தில் நிறம் மாறிப் போய்விடும். வடுவுக்கு அடியில் கயிறுபோல் ஒரு தடிப்பு தட்டுப்படும், சில மாதத்தில் கரையும். வடுவுக்குக் கீழே தோல் மரத்திருப்பது சகஜம். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்குப் பழைய வீக்கம் இருந்த இடத்திலேயே நீர் கோத்து, குடலிறக்கம் திரும்ப வந்துவிட்டதோ என்று பயமுறுத்தும். இருமினால் பெரிதாகாது, படுத்தால் மறையாது, அதை வைத்து அடையாளம் காணலாம்; பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானே வற்றிவிடும், ஊசி போட்டு உறிஞ்ச வேண்டாம். மூன்று மாதம் படியேறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்குச் சான்று இல்லை. சிக்கல் இல்லாத அறுவை என்றால் மூன்று முதல் ஐந்து நாளில், வலி அனுமதிக்கும் அளவுக்கு, வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்கின்றன சர்வதேச நெறிகள். மூட்டை தூக்குவதற்கு மட்டும் உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்ட, சட்டென்று பிரேக்கை மிதிக்கும்போது இடுக்கில் சுள்ளென்று இழுக்காமல் இருந்தால் போதும். சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை, மலச்சிக்கல் வராத சாப்பாடாக இருந்தால் சரி.

ஒருவேளை வலி மூன்று மாதம் தாண்டியும் நின்றால், "எல்லாம் சரியாகிவிடும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். திரும்ப வந்திருக்கிறதா என்று ஸ்கேன், எந்த நரம்பு என்று கண்டுபிடிக்க மரப்பு ஊசி, நரம்பு வலிக்கான மாத்திரை என்று படிப்படியாகப் போக வேண்டும். மெஷ்ஷை எடுப்பதும் நரம்புகளை வெட்டுவதும் கடைசிப் படி. வடுவோடு பின்னிப்போன வலையை எடுப்பது, வைத்ததைவிடப் பல மடங்கு கடினம். அதில் அனுபவம் உள்ள குழுவிடம் மட்டுமே போக வேண்டும். வலி இருப்பவர்கள் எல்லோருக்கும் எடுத்தால் தீரும் என்பதும் இல்லை. சீழ் பிடித்து ஆறாமல் ஒழுகினால் அது வேறு விஷயம், அப்போது எடுத்தே ஆக வேண்டி வரலாம். அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது.

அப்படியானால் மருத்துவரிடம் என்ன கேட்பது? வருடத்துக்கு எத்தனை தொடை இடுக்குக் குடலிறக்கம் செய்கிறீர்கள், திறந்தா லேப்ராஸ்கோப்பியா, ஏன் அது என்று கேளுங்கள். மூன்று நரம்புகளையும் பார்த்துத்தான் செய்வீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவர் நல்ல மருத்துவர் என்று நான் நம்புகிறேன். தட்டை மெஷ்தானே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நோயாளிகளில் ஆறு மாதம் கழித்தும் வலி என்று வந்தவர்கள் எத்தனை பேர், வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கும் வந்ததில்லை என்றால், அவர் கேட்டுப் பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வைத்த மெஷ்ஷின் பெயரும் அளவும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்க வேண்டும், அதன் ஒட்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பாவின் உடல்நிலை. 62 வயது என்பதால் சிறுநீர் சொட்டு சொட்டாகப் போகிறதா, இரவில் அடிக்கடி எழுகிறாரா என்று விசாரியுங்கள். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை தொடங்கிவிட்டு அறுவைக்குப் போவது நல்லது, இல்லையென்றால் அன்று இரவே சிறுநீர் கட்டிக்கொண்டு குழாய் போட வேண்டி வரும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறுவதும் தாமதம், திரும்ப வருவதும் அதிகம், இருமல் வேறு தையலைச் சோதிக்கும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தேதி வாங்குங்கள். இடது பக்கமும் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அங்கேயும் இருந்தால் லேப்ராஸ்கோப்பிக்கான காரணம் வலுவாகிறது. இல்லையென்றால் வருமுன் காப்பதாக அந்தப் பக்கம் மெஷ் வைக்க வேண்டியதில்லை.